ஊரிலிருந்து வந்த பெற்றோருடன் அனிங்கா டிரெயில்: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மயாமிக்கு வரும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் கடற்கரை, க்ரூஸ், கீ வெஸ்ட் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அனிங்கா டிரெயில் என்று ஒரு பாதை இருக்கிறது. போய்வர மொத்தமே 0.8 மைல், அதாவது 1.3 கிலோமீட்டர்தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொஞ்ச தூரம் தார்ப்பாதை, அப்புறம் சதுப்பு நீருக்கு மேலே கைப்பிடி வைத்த மரப்பாதை. முட்டிவலிக்கார அம்மாவும் தள்ளுவண்டியில் உட்கார்ந்த குழந்தையும் ஒரே வேகத்தில் போகலாம், சக்கர நாற்காலியும் போகும். வழியெங்கும் முதலை, ஆமை, நாரை, நீர்க்காகம்.

நடப்பது சுலபம். பாடெல்லாம் அதற்கு முன்னால்தான்: யாருக்கு என்ன கட்டணம், எந்த அடையாள அட்டை, எந்த வாசல், எந்த மாதம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது இது இன்னும் கொஞ்சம் சிக்கலாகிவிடுகிறது. ஒவ்வொரு விவரத்தையும் ஒவ்வோர் இடத்தில் தேடி அலைந்து சேர்த்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அடுத்து போகிறவர்களுக்கு அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை போங்கள். மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

தென் ஃப்ளோரிடாவில் இரண்டே பருவம்: மழைக்காலம், வறண்ட காலம். மே முதல் நவம்பர் வரை சதுப்பு நிலம் முழுக்கத் தண்ணீர் பரவிக் கிடக்கும். மீன்கள் எங்கும் சிதறியிருக்கும், அவற்றைத் தின்னும் பறவைகளும் அப்படியே. நீங்கள் மரப்பாதையில் நின்றுகொண்டு புல்லைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மழை நின்றதும் நீர்மட்டம் மெல்ல இறங்கும், ஆழமான இடங்களில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். அனிங்கா டிரெயில் ஓடும் டெய்லர் ஸ்லூ அப்படிப்பட்ட ஓர் ஆழமான ஓடை. சுற்று வட்டார மீன்களெல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர, பின்னாலேயே பறவைகளும் முதலைகளும் வந்துவிடுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை இது உச்சத்தில் இருக்கும்.

இன்னொரு காரணம் கொசு. கோடையில் இங்கே கொசு கடிக்கும் என்று சொல்வது ரொம்ப மரியாதையான வார்த்தை. வெயில் 32 டிகிரி, கூடவே புழுக்கம், மதியமானால் இடிமழை. குளிர்காலத்தில் பகலில் சராசரியாக 25 டிகிரி, விடியற்காலையில் 12 வரை இறங்கும். பெற்றோரின் விசா ஆறு மாதத்தைக் கோடையில் வைத்துவிட்டீர்கள் என்றால், இந்தப் பாதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்வது நல்லது.

2. கட்டணமும் பாஸும்: யாருக்கு எவ்வளவு

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மற்றதில் தவறினால் நேரம் போகும், இதில் தவறினால் நூற்றுக்கணக்கில் டாலர் போகும்.

வழக்கமான நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர். மோட்டார் சைக்கிளுக்கு 30, நடந்தோ சைக்கிளிலோ வந்தால் ஆளுக்கு 20. 15 வயது வரை கட்டணம் கிடையாது. கார் கட்டணம் ஏழு நாட்களுக்குச் செல்லும், பூங்காவின் மற்ற வாசல்களிலும் அதே ரசீதைக் காட்டலாம். எனவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

2026 ஜனவரி 1 முதல் இதற்கு மேல் ஒன்று சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காதவர்கள், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் ஓராண்டு செல்லும் வருடாந்திர பாஸ் இல்லாமல் வந்தால் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். நாட்டில் 11 தேசியப் பூங்காக்களுக்கு இந்த விதி, எவர்கிளேட்ஸ் அதில் ஒன்று. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

வருடாந்திர பாஸிலும் இப்போது இரண்டு விலை. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. வசிப்பவர்களுக்கான பாஸை வாங்கவும் பயன்படுத்தவும் அமெரிக்க அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும்: மாநில ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு, அமெரிக்க பாஸ்போர்ட், இவற்றில் ஒன்று. வேலை விசாவில் இருப்பவர்கள் மாநில உரிமத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் தனியாகக் கார் அமர்த்திக்கொண்டு போனால், காருக்கு 35, ஆளுக்கு 100 என்று இரண்டு பேருக்கு 200, ஆக 235 டாலர். வெளிநாட்டவருக்கான பாஸ் 250. அதே பயணத்தில் கிராண்ட் கேன்யனோ யெல்லோஸ்டோனோ போகும் திட்டம் இருந்தால் பாஸ்தான் லாபம், அந்த இரண்டு பூங்காக்களும் 100 டாலர் பட்டியலில் இருக்கின்றன. எவர்கிளேட்ஸ் மட்டும்தான் என்றால் 15 டாலர் வித்தியாசத்தில் யோசித்து முடிவு செய்யலாம்.

உங்கள் காரில் சிலர் இங்கே வசிப்பவர்கள், சிலர் ஊரிலிருந்து வந்தவர்கள் என்றால் எதையும் முன்கூட்டி வாங்கிவிடாமல் பூங்காவின் அதிகாரபூர்வ தளத்தில் கட்டணப் பக்கத்தை முதல் நாள் இரவு படித்துவிடுங்கள். வாசலில் கார்டை நீட்டுவதற்கு முன்னால், "காரில் இத்தனை பேர், இதில் இத்தனை பேர் வெளிநாடு, எங்களுக்கு எது குறைவு?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கட்டுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பலர் விழும் குழிகள் மூன்று. முதலாவது சீனியர் பாஸ். 62 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர் என்று ஒரு பாஸ் உண்டு. "அப்பாவுக்கு 70 ஆகிறதே" என்று ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். இரண்டாவது, இலவச நுழைவு நாட்கள். 2026 முதல் அவையும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். மூன்றாவது, பணமாகக் கட்டலாம் என்று நினைப்பது. வாசலில் கார்டு மட்டும்தான் செல்லும்.

டிஜிட்டல் பாஸை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் வாங்கலாம். வாங்கினால் வீட்டிலேயே ஃபோனில் இறக்கி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காப் பக்கம் போகப்போக சிக்னல் தேய்ந்துவிடும். பின்னால் நாலு கார் நிற்கும்போது ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது நல்ல அனுபவம் அல்ல.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஓட்டுபவரின் உரிமம், பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய புகைப்பட அடையாள அட்டை, பெற்றோரின் அசல் பாஸ்போர்ட், வாடகைக் கார் என்றால் அதன் ஒப்பந்தம், கட்டணம் செலுத்தும் கார்டு. அவ்வளவுதான். பாஸ் ஒருவர் பெயரிலும் கையில் இருப்பது இன்னொருவர் அட்டையும் என்றால் செல்லாது. பாஸ் வைத்திருப்பவர் அந்தக் காரில் இருந்தே ஆக வேண்டும். அண்ணனிடம் இரவல் வாங்கிப் போகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

4. சரியான வாசலுக்கு வழி போடுங்கள்

ஃபோனில் "எவர்கிளேட்ஸ்" என்று மட்டும் அடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாலை வழியாகப் போக இந்தப் பூங்காவுக்கு மூன்று பக்கம் வாசல் இருக்கிறது. ஒன்று தெற்கே ஹோம்ஸ்டெட் ஊரைத் தாண்டி, எர்னஸ்ட் கோ வாசல். இன்னொன்று 41-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஷார்க் வேலி. மூன்றாவது மேற்கே எவர்கிளேட்ஸ் சிட்டி பக்கம். பூங்காவுக்கு உள்ளே இவற்றை இணைக்கும் சாலை கிடையாது. தவறான வாசலுக்குப் போய்விட்டால் வெளியே வந்து மொத்தமாகச் சுற்றித்தான் வர வேண்டும், பாதி நாள் அதிலேயே போய்விடும்.

எனவே "ராயல் பாம் விசிட்டர் சென்டர்" என்று அடியுங்கள். அனிங்கா டிரெயில் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. கோ வாசலிலிருந்து 4 மைல். கட்டணம் கட்டிவிட்டு நேரே போனால் இடதுபக்கம் திரும்பச் சொல்லிப் பலகை இருக்கும். வரைபடத்தையும் வீட்டிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏர்போட் சவாரி விளம்பரங்களோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய விசிறி வைத்துச் சத்தமாகப் பறக்கும் அந்தப் படகுகளை ஓட்டுவது தனியார், டிக்கெட்டும் தனி. அனிங்கா டிரெயில் பக்கம் அவை கிடையாது. "எவர்கிளேட்ஸ் டூர்" என்று ஆன்லைனில் வாங்கிய சீட்டை இந்த வாசலில் காட்டிப் பயனில்லை.

5. கார், டோல்

சொந்தக் காரோ வாடகைக் காரோ இருந்தால்தான் நிம்மதி. ஊபரில் போய் இறங்கிவிடலாம், திரும்பி வர வண்டி கூப்பிடத்தான் சிக்னலும் இருக்காது, பக்கத்தில் வண்டியும் இருக்காது.

மயாமியிலிருந்து தெற்கே வர ஃப்ளோரிடா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை வேகமான வழி. அதில் காசு வாங்கும் சாவடியே கிடையாது. முன்பணம் போட்டு வைக்கும் சன்பாஸ் டோல் கருவி காரில் இருந்தால் அதிலிருந்து போகும், இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து பில் அனுப்புவார்கள். வாடகைக் காரில் அந்த பில் கார் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். சில இடங்களில் டோலைவிட அந்தச் சேவைக் கட்டணம் பெரிதாக இருக்கும். சாவி வாங்கும்போதே டோலுக்கு என்ன ஏற்பாடு, நாளுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். டோலே வேண்டாம் என்றால் யுஎஸ் 1 சாலையில் வரலாம். காசு மிச்சம், ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று வர வேண்டும். பெற்றோரோடு விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு நான் டர்ன்பைக்கைத்தான் சொல்வேன்.

ஹோம்ஸ்டெட்டிலோ ஃப்ளோரிடா சிட்டியிலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் வயல்வெளிதான்.

6. எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்

காலை எட்டு மணிக்குள். இந்தப் பாதைக்குப் பூட்டு கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். விசிட்டர் சென்டர் ஒன்பது மணிவாக்கில்தான் திறக்கும் என்றாலும் நடப்பதற்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குளிர்கால வார இறுதிகளில் பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் தேடும்படி ஆகும். பாதையும் சிறியது என்பதால் கூட்டம் உடனே தெரியும்.

காலையில் பறவைகள் சுறுசுறுப்பாக மீன் பிடிக்கும். முதலைகள் குளிர் ரத்தப் பிராணிகள் என்பதால் வெயில் ஏற ஏறக் கரையேறிக் காய ஆரம்பிக்கும், எட்டு முதல் பதினொன்று வரை இரண்டையும் பார்க்கலாம். காலையில் முடியவே முடியாது என்பவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், பறவைகள் கூடு திரும்பும் நேரம். நடுப்பகல் உதவாது.

குளிர்காலத்தில் பூங்கா ரேஞ்சர்கள் இந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு நடந்து விளக்கம் சொல்வதுண்டு. தனிக் கட்டணம் இல்லை. அன்றைக்கு எத்தனை மணிக்கு என்பதைப் பூங்காத் தளத்தில் நாட்காட்டிப் பக்கத்தில் பார்க்கலாம். ஆங்கிலம் சரளமாகப் புரியாத பெற்றோருக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் மொழிபெயர்த்துச் சொன்னால் அவர்களுக்கும் சுவாரசியமாக இருக்கும்.

7. பையில் என்ன வைக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், தொப்பி, கொசு விரட்டி, காலை நேரத்துக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர். கொசு விரட்டியைக் காரிலிருந்து இறங்கும்போதே பூசிக்கொள்ளுங்கள், பாதையில் நின்று அடுத்தவர் மேல் தெளிக்க வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. அப்பா கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது, அது வேறு விஷயம்.

சாப்பாடு கொண்டு போகலாம், ராயல் பாமில் உணவகம் எதுவும் இல்லை. ஆனால் புளியோதரைப் பொட்டலத்தை மரப்பாதையில் பிரிக்கக் கூடாது. காரிலேயே இருக்கட்டும், முடித்துவிட்டு லாங் பைன் கீ பக்கம் உள்ள மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். கழிப்பறை ராயல் பாமிலேயே இருக்கிறது. பாதையில் கிடையாது, அதனால் பெரியவர்களை முதலில் அங்கே அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

வளர்ப்பு நாய்க்கு இந்தப் பாதையில் அனுமதி இல்லை. டிரோனுக்குப் பூங்கா முழுவதிலும் தடை.

8. காரை மூடிவிட்டுப் போங்கள்

பூட்டிவிட்டு மட்டும் அல்ல, மூடிவிட்டு. கார் நிறுத்துமிடத்தில் கறுப்பு நிறப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு ரப்பர் என்றால் ஏனோ அப்படி ஒரு ஆசை. காரின் கூரையில் வந்து இறங்கி, முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் ஒரு முனையை அலகால் கவ்வி, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து வாழை நார் உரிப்பது மாதிரி உரித்து எடுக்கும். வைப்பர், சன்ரூஃப் ஓரம் எதுவும் தப்பாது.

இதற்காகப் பூங்காவே அங்கே தார்ப்பாய்களும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறுகளும் வைத்திருக்கிறது. காசு இல்லை. எடுத்துக் காரின் மேல் போர்த்தி, நாலு மூலையிலும் கயிற்றை மாட்டிவிட்டுப் போங்கள். வந்ததும் மடித்து அதே இடத்தில் வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிட வேலை. வாடகைக் கார் என்றால் சோம்பல்படவே கூடாது. இந்தச் சேதத்துக்கு உங்கள் காப்பீடு பணம் தருமா என்ற கேள்விக்கு விடை தேடும் நிலைமை வர வேண்டாம்.

9. பாதையில் எப்படி நடப்பது, எதைப் பார்ப்பது

வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படி நடந்தவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாலு எட்டு வைத்து நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதலில் நேர் கீழே தண்ணீரைப் பாருங்கள், பிறகு எதிர்க்கரை, பிறகு மரக்கிளை. எல்லோரும் தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, காலடியில் மரப்பாதையின் நிழலில் நீளமான கூர்மூக்கோடு கார் (gar) என்ற வகை மீன்கள் அசையாமல் வரிசையாக நிற்கும்.

பாதைக்குப் பெயர் தந்த அனிங்கா, நம் ஏரிகளில் பார்க்கும் பாம்புத்தாராவுக்கு நெருங்கிய சொந்தம். நீந்தும்போது உடம்பு முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. அதன் இறகில் நீர் ஒட்டாமல் இருக்கும் தன்மை குறைவு, அதனால் எளிதாக மூழ்கும். வெளியே வந்ததும் கிளையில் உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்துக் காய வைக்கும். ஆண் முழுக்கக் கறுப்பு, சிறகில் வெள்ளிக் கோடுகள். பெண்ணுக்குக் கழுத்தும் மார்பும் பழுப்பு. மீனைப் பிடிப்பதைப் பார்க்கக் கிடைத்தால் நகராமல் நில்லுங்கள். ஈட்டி மாதிரியான அலகால் குத்தித்தான் பிடிக்கும். குத்திய மீன் அலகிலேயே மாட்டியிருக்கும், அதை அப்படியே விழுங்க முடியாது. கிளையில் இரண்டு மூன்று முறை அடித்துத் தளர்த்தி, சட்டென்று மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கம் முதலில் வருமாறு வாயில் ஏந்தி விழுங்கும். மெல்லிய கழுத்தில் மீன் இறங்குவது வெளியே புடைப்பாகத் தெரியும். அம்மாக்கள் எல்லோரும் தவறாமல் "தொண்டையில் மாட்டிக்காதா?" என்று கேட்கும் இடம் இது.

நீர்க்காகமும் பக்கத்திலேயே சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அலகைப் பாருங்கள். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும், அனிங்காவுக்கு ஊசிபோல நேராக இருக்கும்.

அல்லி இலைகளின் மேல் மஞ்சள் கால்களோடு நடக்கும் ஊதாவும் பச்சையும் கலந்த பறவையைத் தவறவிடாதீர்கள். நம் நீலத் தாழைக்கோழியின் வகையறா, கொஞ்சம் சிறியது. விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் இலை மூழ்காது. நான்கடி உயரத்தில் பெரிய நீல நாரை, வெள்ளைக் கொக்குகள், மரக்கட்டையில் அடுக்கடுக்காக ஏறி வெயில் காயும் ஆமைகள் எல்லாம் எப்படியும் கண்ணில் படும். மலைப்பாம்பைத் தேடாதீர்கள். தென் ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன என்பது உண்மைதான், ஆனால் அவை ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள்.

10. முதலை விஷயத்தில்

இங்கே இருப்பவை அலிகேட்டர்கள். முகவாய் அகலமாக, வட்டமாக இருக்கும். வாயை மூடினால் கீழ்ப்பற்கள் வெளியே தெரியாது. மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பதால் பொம்மை என்று குழந்தைகள் பந்தயம் கட்டுவார்கள்.

குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. மரப்பாதையில் நீங்கள் உயரத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை. தார்ப்பாதைப் பகுதியில்தான் கவனம் வேண்டும், சில சமயம் முதலை பாதையின் ஓரத்துக்கே ஏறி வந்து படுத்திருக்கும். அப்போது சுற்றிப் போக இடமில்லை என்றால் நின்று காத்திருங்கள் அல்லது திரும்பி வாருங்கள். குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். குழந்தையைத் தூக்கிக் கைப்பிடிக்கு வெளியே காட்டுவதும் வேண்டாம், கைதவறி ஃபோன் விழுந்தாலும் அதை எடுக்க யாரும் கீழே இறங்கக் கூடாது.

கீச் கீச் என்று சின்னச் சத்தம் புதரிலிருந்து கேட்டால் அது முதலைக்குட்டியாக இருக்கலாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும். அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

எந்தப் பிராணிக்கும் தீனி போடுவது சட்டப்படி குற்றம். ஒரு பிஸ்கட் துண்டுதானே என்று தோன்றும். மனிதர் கையிலிருந்து சாப்பாடு வரும் என்று பழகிய முதலை மனிதரை நோக்கி வர ஆரம்பிக்கும், கடைசியில் அதைக் கொன்றுவிட வேண்டிய நிலைமை வரும். ஊரில் குரங்குக்கும் மீனுக்கும் பொரி போட்டுப் பழகிய பெரியவர்களிடம் இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

11. முடித்த பிறகு நேரம் இருந்தால்

ராயல் பாமிலேயே கம்போ லிம்போ என்று இன்னொரு சிறு பாதை, 0.4 மைல். காடு போன்ற நிழல், சிவப்புப் பட்டை உரியும் மரங்கள். அங்கே கொசு கொஞ்சம் கூடுதல். பெரியவர்கள் களைத்திருந்தால் விட்டுவிடலாம்.

கோ வாசலிலிருந்து 38 மைல் உள்ளே ஃப்ளமிங்கோ. சாலை அங்கே கடலோரத்தில் முடிகிறது. படகுத்துறையில் அமெரிக்கக் குரோக்கடைல்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் கடற்பசுக்களையும் பார்க்கலாம். அலிகேட்டரும் குரோக்கடைலும் இயற்கையாக ஒன்றாக வாழும் இடம் தென் ஃப்ளோரிடா மட்டும்தான் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். போக வர மூன்று மணி நேரமாவது வையுங்கள். அதே நாளில் கீ வெஸ்ட்டையும் சேர்க்கும் திட்டம் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பெற்றோர் காரில் தூங்கித்தான் வருவார்கள்.

திரும்பும் வழியில், ஹோம்ஸ்டெட்டுக்குள் நுழையும் முன் "ராபர்ட் இஸ் ஹியர்" என்ற பழக்கடை இருக்கிறது. பருவத்தைப் பொறுத்துச் சப்போட்டா, பலா, கொய்யா, முள் சீத்தா எல்லாம் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மூடிவிடுவார்கள். குளிர்கால மதியங்களில் மில்க் ஷேக் வரிசை நீளமாக இருக்கும், அப்பா அம்மாவைப் பழங்கள் பக்கம் விட்டுவிட்டு நீங்கள் வரிசையில் நில்லுங்கள்.